பிளாக் மெட்டல் வரிகளில் காடும் மனசும்: கொங்கு நாட்டிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

போன வருஷம் ஆடி மாசம், தாராபுரத்துக்கு மேற்கே அம்மிச்சியின் (அம்மாவின் அம்மா) தோட்டத்து வீடான சாளையின் திண்ணையில் உட்கார்ந்து போன் ஸ்பீக்கரில் ஒரு பாட்டை ஓடவிட்டிருந்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்தது, பாட்டில் டிரம்ஸ் எது, வெளியே காற்று எது என்று எனக்கே பிரிக்க முடியவில்லை. அம்மிச்சி அவரைக்காய் ஆய்ந்துகொண்டே கேட்டார்: "ஏஞ்சாமி, ஆரு ஊட்டுல எழவு? இப்புடி அழுகறாங்க."

பத்து வருஷமாக நான் பிளாக் மெட்டல் கேட்கிறேன், ஹெவி மெட்டல் ராக் இசையில் கிழிந்த குரலும் வேகமான டிரம்ஸும் கொண்ட ஒரு கிளை அது. பேய் கத்துகிறது, மிக்ஸி ஓடுகிறது என்றெல்லாம் சொன்னவர்கள் உண்டு, அதை அழுகை என்று காதில் வாங்கியவர் அம்மிச்சி ஒருவர்தான். அன்றைக்குத்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. இந்த இசையின் வரிகளில் காடு, மலை, பனி, இரவு எல்லாம் வருகின்றன, அவை பின்னால் தொங்குகிற திரைச்சீலை இல்லை, பாடுகிறவன் தன் மனசைச் சொல்ல வேறு சொல் கிடைக்காமல் எடுத்த சொற்கள். நிலத்தைச் சொல்லி மனசைச் சொல்கிற வித்தை தமிழில் இரண்டாயிரம் வருஷமாக இருக்கிறது. அதனால் ஒரு தமிழ் வாசகருக்கு இந்த வரிகள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் திறக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். எப்படித் திறப்பது, பிறகு நம் மண்ணிலிருந்து எப்படி எழுதுவது, இரண்டையும் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: வரியைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்

வரலாறு சுருக்கமாக. 1982இல் இங்கிலாந்தின் வெனம் குழு தன் இரண்டாவது ஆல்பத்துக்கு பிளாக் மெட்டல் என்று பெயர் வைத்தது, பெயர் அங்கிருந்து வந்தது. ஸ்வீடனின் பாத்தரி அதற்கு ஒரு குளிர்ந்த, கரடுமுரடான ஒலியைக் கொடுத்தது. 1990களின் தொடக்கத்தில் நார்வேயில் மேஹெம், டார்க்த்ரோன், இம்மார்ட்டல், எம்பெரர், உல்வெர் என்று ஒரு கூட்டமே கிளம்பியது. சாத்தானைக் கூப்பிடுகிற வரிகள்தான் முதலில் அதிகம். தேவாலயத்தை எதிர்க்கப் போனவர்கள் தேவாலயத்துக்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று திரும்பிப் பார்த்தார்கள், அங்கே காடு இருந்தது. சாத்தான் மெல்ல மெல்லப் பின்னால் போய் மலையும் இரவும் முன்னால் வந்த கதை அதுதான். அந்தக் காலத்தில் மரத்தால் ஆன பழைய தேவாலயங்களைக் கொளுத்தியதும், 1993இல் மேஹெம் கிதார்காரர் யூரோனிமஸ் கொல்லப்பட்டதும் நடந்தவை. அதை மறைக்கவும் வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம்.

இந்த இசையில் குரல் வேண்டுமென்றே கிழிந்திருக்கும், சொல் காதில் விழாது. அதனால் வரியைப் பார்க்காமல் கேட்டால் பாதிதான் கேட்டதாக அர்த்தம். மெட்டல் ஆர்கைவ்ஸ் தளத்தில் நிறைய வரிகள் கிடைக்கும், இசை விற்கிற பேண்ட்கேம்ப் தளத்தில் குழுக்களே போட்டிருப்பார்கள். ஆங்கிலம் இல்லாத வரிகளை மொழிபெயர்ப்புக் கருவியில் போடுங்கள், ஆனால் அதோடு விடாதீர்கள். நார்வே மொழியில் ஸ்கூக் என்றால் காடு, நாட் என்றால் இரவு, ஃபியெல் என்றால் மலை, வின்டர் குளிர்காலம். இப்படி ஒரு இருபது சொல் தெரிந்தால் போதும், எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று நீங்களே வட்டம் போட்டுவிடலாம்.

தொடங்க நான்கு ஆல்பங்கள் சொல்கிறேன். உல்வெரின் பெர்க்டாட், 1995. இம்மார்ட்டலின் அட் தி ஹார்ட் ஆஃப் வின்டர், 1999. அமெரிக்காவின் அகல்லாக் குழுவின் தி மேன்டில், 2002. பிரான்சின் அல்செஸ்ட் 2007இல் முதலில் கொண்டுவந்த முழு ஆல்பம். கடைசி இரண்டும் காதுக்கு இதமானவை, புதிதாக வருகிறவர்கள் அங்கிருந்து பின்னோக்கிப் போகலாம்.

இரண்டாம் படி: பனி, காடு என்ற இரண்டு சொற்களை நிறுத்தி வைத்துப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டாமல் மேலே போகாதீர்கள். நான் ஐந்து வருஷம் தப்பாகப் படித்ததற்குக் காரணமே இந்த இரண்டு சொல்தான்.

நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பது, சூரியன் மேலே வந்தால் போய்விடுவது. முன்பனி, பின்பனி என்று பருவங்களுக்கே பேர் வைத்திருக்கிறோம், இரண்டும் நமக்குப் பிடித்த காலம். அங்கே பனி என்பது மாசக்கணக்கில் கிடக்கும், வழியை மூடும், ஆளைக் கொல்லும். விண்டிர் என்ற குழுவின் வால்ஃபார், நார்வேயின் சோக்ன்டால் ஊர்க்காரர், 2004 ஜனவரியில் தன் குடும்பத்து மலைக்குடிலை நோக்கி நடந்து போகும்போது பனிப்புயலில் மாட்டி இறந்தார். வயசு 25. ஊரின் பழங்கதைகளைத் தன் வட்டார வழக்கிலேயே பாடிய மனிதர் அவர். அவருடைய வரிகளில் மலை வரும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும், அங்கே பனி ஒரு அலங்காரச் சொல்லாக இருக்க முடியாது. ஆகவே பனி என்று படிக்கும்போது மனசில் நம்மூர் வறட்சியை வையுங்கள். மூன்று வருஷம் மழை பொய்த்து, போர் போட்ட குழியில் புகை மாதிரி மண்ணு மட்டும் மேலே வருகிறதே, அந்தப் பயம்தான் அந்தப் பனிக்குச் சரியான தமிழ்.

அடுத்தது காடு. கொங்கு வழக்கில் "காட்டுக்குப் போயிருக்காங்க" என்றால் சோளம் விதைத்த மேட்டுக்காட்டுக்கு என்று அர்த்தம், ஆனைமலைக்கு என்று யாரும் நினைக்க மாட்டோம். காங்கயம் பக்கம் கொறங்காடு என்றால் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம், உள்ளே வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும். இன்னொரு காடு சுடுகாடு. புறப்பாடல்களில் காடு வாழ்த்து என்றே ஒரு துறை உண்டு, கள்ளி முளைத்த களரியில் பகலிலேயே கூகை கூவுகிற இடத்தைப் பாடுவது. பிளாக் மெட்டலில் வருகிற காடு பெரும்பாலும் மூன்றாவதற்குப் பக்கத்தில் இருக்கும், மனுஷன் இல்லாமல் போன இடம், அல்லது மனுஷன் தன்னை இல்லாமல் ஆக்கிக்கொள்ளப் போகிற இடம். ஒவ்வொரு பாட்டிலும் இது எந்தக் காடு என்று முதலில் கேளுங்கள்.

மூன்றாம் படி: முதல், கரு, உரி என்று மூன்று பத்தி போடுங்கள்

தொல்காப்பியம் சொன்ன முறை இது. ஒரு நோட்டை எடுத்து மூன்று பத்தி பிரியுங்கள். முதற்பொருள் என்ற பத்தியில் நிலமும் பொழுதும், அதாவது எங்கே, எந்தப் பருவம், நாளில் எந்த நேரம். கருப்பொருள் பத்தியில் அங்கே இருக்கிற மரம், விலங்கு, பறவை, தெய்வம், தொழில், பறை. உரிப்பொருள், அதாவது அந்த நிலத்துக்கு உரிய மன உணர்வு, அந்தப் பத்தியை வெறுமையாக விட்டுவிடுங்கள். முதல் இரண்டையும் நிரப்பிய பிறகு, பாடுகிறவன் தன் மனசைப் பற்றி நேராகச் சொன்ன எல்லாவற்றையும் அடித்துவிட்டு, மிச்சமிருக்கிற நிலமே என்ன சொல்கிறது என்று பார்த்து மூன்றாவதை எழுதுங்கள்.

உல்வெர் ஆல்பத்தை வைத்துச் செய்து காட்டுகிறேன். உல்வெர் என்றால் ஓநாய்கள். ஆல்பத்தின் பெயருக்கு மலைக்குள் இழுக்கப்பட்டது என்று பொருள், ஐந்து அத்தியாயமாக ஒரு பழைய டேனிஷ் சாயல் கொண்ட நார்வே மொழியில் கதை போகிறது. ஒரு பெண் சாயங்காலம் காட்டுக்குள் போகிறாள், மலைக்குள் இருக்கிறவர்கள் அவளைக் கூப்பிடுகிறார்கள். முதல்: மலை, இருட்டுகிற நேரம். கரு: மரம், பாறை, மலைக்குள் வாழ்கிற கண்ணுக்குத் தெரியாதவர்கள். உரி? இங்கே நம் ஆட்களுக்குச் சட்டென்று ஒன்று ஞாபகம் வரும். குறிஞ்சிப் பாட்டில் பெண் மெலிந்து போகிறாள், தாய் அதை மலைத்தெய்வம் பிடித்ததென்று நினைத்து வேலன் என்கிற பூசாரியைக் கூட்டி வெறியாட்டு எடுக்கிறாள், உண்மையில் பெண்ணைப் பிடித்திருப்பது காதல். கொல்லிமலைப் பாவை கதையும், ஓடைப் பக்கம் தனியாகப் போகாதே, கன்னிமார் இருக்காங்க என்று நம் வீட்டில் மிரட்டியதும் இதே ஜாதிதான். இப்போது அந்த நார்வேப் பெண்ணைத் திரும்பப் படியுங்கள். மலை அவளைக் கூப்பிட்டதா, அவளுக்குள் ஏதோ ஒன்று ஊரை விட்டுப் போக முன்னாடியே தயாராக இருந்ததா? குறிஞ்சியைப் படித்தவருக்கு இந்தக் கேள்வி தானாக வரும். ஆல்பத்தில் கிதார் திடீரென்று நின்று புல்லாங்குழலும் சுத்தமான குரலும் வருகிற இடங்களை அந்தக் கேள்வியோடு கேட்டுப் பாருங்கள், அவள் பயப்படுகிற இடத்தையும் ஆசைப்படுகிற இடத்தையும் இசையே பிரித்துக் காட்டும்.

சுவிட்சர்லாந்தின் பெய்ஸாஜ் டிவேர், ஒரே ஆள் நடத்துகிற குழு. பெயருக்கே குளிர்கால நிலக்காட்சி என்று அர்த்தம். ஆல்பம் ஆல்பமாக ஒரே கதை, ஒரு நாடோடி குளிருக்குள் நடந்துகொண்டே இருக்கிறான். 2020இல் வந்த இம் வால்ட், காட்டுக்குள் என்று பொருள், இரண்டு மணி நேரம் ஓடும். இதில் கருப்பொருள் பத்தி கிட்டத்தட்டக் காலியாக இருக்கும், மரம், காற்று, பனி, அவ்வளவுதான். அந்தக் காலிதான் உரிப்பொருள். வெள்ளியங்கிரியில் இரவில் மூங்கில் தடியோடு ஏறியவர்களுக்கு இது புரியும். முதல் மலையில் பேச்சும் சிரிப்புமாக இருக்கும், போகப் போகப் பேச்சு குறையும், ஏழாவது மலைக்குப் போகும்போது அடுத்த கால் எங்கே வைப்பது என்பதைத் தவிர மனசில் ஒன்றுமே இருக்காது.

அகல்லாக் பெயர் நமக்குச் சொந்தமான ஒன்று, அது அகில் கட்டையைக் குறிக்கிற பழைய சொல். காயம் பட்டு நோய் கண்ட மரத்தின் வைரத்தில்தான் அகில் மணம் ஊறும். தி மேன்டில் முழுக்க அதுதான் நடக்கிறது, இழப்பு ஊறி மணமாகிறது. அதில் பதினான்கு நிமிஷத்துக்கு மேல் ஓடுகிற ஒரு பாட்டில் ஒருவன் கடவுளைத் தேடி மலை, மரம், பறவை என்று போகிறான். அவனுக்கு என்ன கிடைத்தது என்று நான் சொல்லப்போவதில்லை, வரியை வைத்துக்கொண்டு நீங்களே மூன்று பத்தியைப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அகப்பாட்டில் கேட்க ஒரு தோழி இருப்பாள், பாங்கன் இருப்பான், குறைந்தபட்சம் நெஞ்சே என்று தன் நெஞ்சையாவது கூப்பிடுவார்கள். பிளாக் மெட்டலில் பெரும்பாலும் யாரும் இல்லை. யாருமே கேட்காத இடத்தில் பாடுவதால்தான் அந்தக் குரல் அவ்வளவு கிழிகிறது. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு எல்லாமே சங்க இலக்கியம்தான் என்று ஒட்டவைக்காதீர்கள்.

நான்காம் படி: நான் என்று வருகிற ஆள் யார்?

அகத்தில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது, பெயர் சொன்னால் அது புறமாகிவிடும் என்பது விதி. இங்கேயும் சொந்தப் பெயரை வைத்துப் பாடுகிறவர்கள் குறைவு, புனைபெயர்தான். முகத்தில் பிணம் மாதிரி வெள்ளையும் கறுப்பும் பூசுவதும் அதற்குத்தான், ஆளை அழித்துவிட்டு மனசை மட்டும் மேடையில் நிறுத்துவது. காரைக்கால் அம்மையார் தன் உருவத்தை விட்டுப் பேய்வடிவம் வாங்கிக்கொண்டு சுடுகாட்டில் நின்று பாடியதை அறிந்த நமக்கு இதில் அதிர்ச்சி இருக்கக் கூடாது.

நான் என்பது நிலத்தோடு என்ன செய்கிறது என்று பாருங்கள். சிலரிடம் அது பெரிதாகும். இம்மார்ட்டல் பிளாஷ்யர்க் என்று ஒரு பனிநாட்டையே கற்பனையில் கட்டினார்கள், அவர்களுடைய பெர்கன் நகரத்தில் பனியைவிட மழைதான் பேர்போனது, ஐரோப்பாவில் அதிகம் மழை பெய்கிற நகரங்களில் ஒன்று. அந்தக் குளிர் ஜன்னலுக்கு வெளியே இருந்து வரவில்லை. சிலரிடம் நான் கரையும், மேலே சொன்ன நாடோடி அப்படி. அல்செஸ்ட் நடத்துகிற நேஜ், சின்ன வயசில் தனக்குத் தெரிந்த ஒரு வேறு உலகத்தின் ஞாபகத்தைத்தான் பாடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அங்கே புல்வெளியும் வெளிச்சமும் வரும், இருட்டே கிடையாது. கலிஃபோர்னியாவின் பொட்டானிஸ்ட் கிதாரையே விட்டுவிட்டுக் குச்சியால் தட்டுகிற ஒரு தந்தி வாத்தியத்தை வைத்து, மனுஷன் அழிந்து செடிகள் பூமியைத் திரும்ப எடுத்துக்கொள்வதைப் பாடுகிறது. நம்மவர்களுக்கு நெருக்கமானது சிங்கப்பூரின் ருத்ரா, 1992இல் தொடங்கியது. அவர்கள் 2005 முதல் 2011 வரை பிரம்மவித்யா என்ற பெயரில் கொண்டுவந்த மூன்று ஆல்பங்களும் நான் யார் என்ற வேதாந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவை. வெப்பநாட்டில் இருந்துகொண்டு பனியைக் கடன் வாங்காமல் இந்த இசையைச் செய்ய முடியும் என்று எனக்குத் தைரியம் கொடுத்தவர்கள்.

மனச்சோர்வையே பொருளாகக் கொண்ட ஒரு கிளையும் இருக்கிறது, சாவு ஆசையை நேராகப் பேசுகிற வரிகள். சிலருக்கு அது துணை, தான் மட்டும் இப்படி இல்லை என்று தெரிகிற ஆறுதல். ஆனால் நீங்களே தூக்கமில்லாமல் உள்ளே ஒடுங்கிக் கிடக்கிற நாட்களில் நடுராத்திரி தனியாக ஹெட்போனில் அதைக் கேட்காதீர்கள், பகலில் கேளுங்கள், கூட ஒரு ஆளை வைத்துக்கொண்டு கேளுங்கள். மனசு கனத்தால் 14416க்கு போன் செய்யலாம், டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

ஐந்தாம் படி: மண்ணுக்குள் ரத்தம் ஒளிந்திருக்கிறதா?

மலை அழகு, காடு புனிதம், முன்னோர் நடந்த மண், இந்த மூன்றுக்கும் அடுத்த வரியில் "எங்கள் ரத்தம்" என்று வந்தால் நிறுத்திவிட்டு விசாரியுங்கள். இந்த இசையில் நாஜிச் சிந்தனையோடு ஒரு கூட்டமே இருக்கிறது. பர்ஸம் என்ற ஒற்றை ஆள் குழுவின் வர்க் விகர்னஸ்தான் 1993 கொலையைச் செய்தவர், 2014இல் பிரான்ஸ் நீதிமன்றம் இனவெறுப்பைத் தூண்டியதாகவும் அவரைத் தண்டித்தது. அவருடைய இயற்கை வரிகளையும், அட்டையில் போட்ட நார்வே ஓவியர் கிட்டெல்சனின் பழைய படங்களையும் பார்த்து மயங்கியவர்களில் நானும் ஒருவன். அழகு உண்மைதான், அது எதற்கு வேலை செய்தது என்பதும் உண்மை. நான் இப்போது காசு கொடுத்து வாங்குவதில்லை, யாருக்கும் சிபாரிசு செய்வதும் இல்லை.

கொங்கில் இருக்கிற நமக்கு இது வெளிநாட்டுப் பிரச்சினை இல்லை. மண்ணின் பெருமை பாட ஆரம்பித்து மூன்றாவது சரணத்தில் சாதிப் பெருமையில் முடிகிற பாட்டுகளை நாம் எல்லோரும் நோம்பி மைக்செட்டில் கேட்டிருக்கிறோம். அதே தப்பை இன்னும் சத்தமாகச் செய்ய ஒரு இசை தேவையில்லை. இதற்கு நேர் எதிராக நிலத்தைப் பாடலாம் என்பதற்கு அமெரிக்காவின் பனாப்டிகான் 2012இல் கொண்டுவந்த கென்டக்கி ஆல்பம் இருக்கிறது, நிலக்கரிச் சுரங்கம் மலையையும் தொழிலாளியையும் தின்றதைப் பேஞ்சோவும் பிளாக் மெட்டலும் கலந்து பாடியது, சுரங்கத்தாரின் பழைய போராட்டப் பாட்டுகளும் அதில் உண்டு. அதைக் கேட்டால் எனக்கு நொய்யல்தான் கண்ணுக்கு வரும். வெள்ளியங்கிரியில் பிறந்து, திருப்பூரில் சாயம் வாங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி விவசாயமே கெட்டுப்போன ஆறு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையெல்லாம் மூடச் சொல்லுகிற அளவுக்குப் போனது. அந்தப் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களும் நம் சனம்தான், ஆற்றோரம் காடு வைத்திருந்தவர்களும் நம் சனம்தான். இதைப் பாட ஒரு சாதியும் தேவையில்லை.

ஆறாம் படி: நம் திணையைக் கண்டுபிடித்து எழுதுங்கள்

நான் எழுதிய முதல் வரிகள் இப்படி இருந்தன:

பனி மூடிய வனத்தில் நிலவின் ஒளி
முடிவில்லாத குளிர்காலம்
உறைகிறது என் ஆன்மா

இதில் ஒரு சொல் கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தன் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்லும். கொங்கு அப்படியே அதுதான், சுற்றிலும் மலை, நடுவில் மேய்ச்சல் காடு, மேற்கு மலை மழையைத் தடுத்துவிடுவதால் வெயிலில் மொத்தமும் பாலையாகிவிடும். பாலையின் உரிப்பொருள் பிரிவு. அதன் விலங்குகளில் ஒன்று செந்நாய், இன்றைக்கும் ஆனைமலையிலும் சத்தியமங்கலத்திலும் கூட்டமாக அலைகிறது, ஓநாயைக் கடன் வாங்க வேண்டியதில்லை. அதன் பறை துடி, உடுக்கைக்குச் சொந்தக்காரன். டிரம்ஸ்காரரிடம் இதைச் சொல்லுங்கள், பிளாஸ்ட் பீட் என்கிற இடைவிடாத வேக அடிக்கு நடுவே துடியின் நடை எங்கே நுழையும் என்று அவர் கண்டுபிடிப்பார்.

முக்கியமானது பொழுது. நார்வேக்காரனுக்குப் பயம் நடுராத்திரியில் வருகிறது, பாலைக்கு உரிய சிறுபொழுது நண்பகல். கொங்கில் அதற்கு உருமம் என்று பேர். உருமத்தில் புளியமரத்தடிக்குப் போகாதே, முனி அடிக்கும் என்பார்கள். எங்கள் அட்சரேகைக்குச் சித்திரை முதல் வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், கம்பம் மாதிரி நின்றாலும் நிழல் காலுக்கடியிலேயே முடிந்துபோகும். இதைவிட இருட்டான பொழுதை நான் எங்கே தேடுவேன்?

போன சித்திரையில் மூன்று நாள் உருமத்தில் இட்டேரியில், வேலிகளுக்கு நடுவே போகிற தடத்தில், நடந்தேன், பாட்டு கேட்காமல், போனை வீட்டில் வைத்துவிட்டு. கண்ணில் பட்டதை மட்டும் எழுதினேன். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, இலையெல்லாம் உதிர்ந்து முள்ளு மட்டும். வற்றிய கிணறு ஒன்று. ஆக்காட்டிக் குருவி. அதிலிருந்து வந்தது இது:

சித்திரை உருமம். இட்டேரியில் எனக்கு நிழலில்லை.
இலை உதிர்ந்த கிளுவை முள்ளாக நிற்கிறது.
கிணற்றில் கல்லைப் போட்டேன்,
கல்லின்மேல் கல் விழுந்த சத்தம்.
ஆளைக் கண்டால் கத்தும் ஆக்காட்டி
நான் கடந்தபோது கத்தவில்லை.

தனிமை, ஆன்மா, இருள், வலி என்று எதுவும் இதில் கிடையாது. அந்தச் சொற்களை முதல் வரைவில் எழுதுங்கள், எழுதிவிட்டு அடியுங்கள், அடித்த இடத்தில் ஒரு மரத்தையோ பறவையையோ வையுங்கள். ஆன்மா உறைகிறது என்று எழுதிய ஆளுக்கும் ஆக்காட்டி கத்தவில்லை என்று எழுதிய ஆளுக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான், தான் ஆளாகவே இல்லை என்பது.

வார்த்தை எப்படி வர வேண்டும் என்பதில் பிடிவாதம் வேண்டாம். விண்டிர் தன் ஊர் வழக்கில் பாடியது, உக்ரைனின் ட்ருட்க் தன் நாட்டுக் கவிஞர்களின் கவிதைகளையே எடுத்துப் பாடியது. உருமம், இட்டேரி, சாளை, மசங்கல் எல்லாம் மெட்ராஸில் புரியாது என்று மாற்றாதீர்கள், கேட்கிறவர் தேடித் தெரிந்துகொள்வார், நாம் ஸ்கூக் என்ற சொல்லைத் தேடியது போல.

ஏழாம் படி: வாயில் வைத்துப் பாருங்கள்

தாளில் நன்றாக இருக்கிற வரி கத்தும்போது செத்துப்போகும். க, ச, ட, த, ப, ற வருகிற சொற்கள் அடி மாதிரி விழும். ழகரம் கிழிந்த குரலில் காணாமல் போகும், அதை நம்பி வரியைக் கட்டாதீர்கள். வரி ம் என்று முடிந்தால் வாய் மூடிக்கொள்ளும், மேலே உள்ளதில் "சத்தம்" அப்படித்தான், கிணற்றை மூடுகிற மாதிரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீட்டிக் கத்த வேண்டிய கடைசி வரிக்கு ஆ, ஏ மாதிரி திறந்த உயிர் வேண்டும். ஒப்பாரியில் ஒவ்வொரு அடியும் ஏ என்றோ ஆ என்றோ போய் முடிவதைக் கவனித்திருப்பீர்கள், மூச்சு தீருகிறவரை இழுக்க அதுதான் தோது. "கத்தவில்லையே" என்று மாற்றிப் பாடியபோதுதான் எனக்குக் குரல் வந்தது. தொண்டையில் வலி தெரிந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள், அடிவயிற்றிலிருந்து மூச்சு எடுக்கத் தெரிந்த ஒருவரிடம் கற்றுக்கொண்டு பிறகு தொடருங்கள்.

அப்புறம், வரியை அந்த நிலத்தில் வாழ்ந்தவர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள், கத்தாமல் மெதுவாக. நான் அம்மிச்சியிடம் காட்டினேன். கிணறு வரைக்கும் பேசாமல் கேட்டார். ஆக்காட்டி வந்ததும் தலையை ஆட்டினார்.

"சித்திரையில அது முட்டை வெச்சிருக்குமல்லொ சாமி. ஆளு என்ன ஆளு, ஆடு போனாக்கூடக் கத்தும்."

அன்றைக்கு ராத்திரியே மாற்றினேன்:

ஆடு போனாலும் கத்தும் ஆக்காட்டி
நான் கடந்தபோது கத்தவில்லையே.